பரிசுத்தம் எந்தப் பக்கம் பரவுகிறது?

நம் ஊர்ச் சபைகளில் 'பரிசுத்த வாழ்க்கை' என்றதும் பெரும்பாலோர் மனத்தில் எழுவது ஒரு விலக்குப் பட்டியல். சினிமா கூடாது, மது கூடாது, சில பெந்தெகொஸ்தே சபைகளில் நகையும் கூடாது, ஆராதனைக்கு வெள்ளை உடைதான். இதைக் கேலி செய்வது சுலபம். ஆனால் எவர் கழுத்திலும் நகையில்லாத இடத்தில், நகையை அடகு வைத்த வீட்டுப் பெண்ணும் வசதியான வீட்டுப் பெண்ணும் கூச்சமில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார முடிகிறது. கேலி செய்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. என் கேள்வி பட்டியலைப் பற்றியதல்ல, அதன் அடியில் கிடக்கும் எண்ணத்தைப் பற்றியது. பரிசுத்தம் எளிதில் கறைபடக்கூடியது, உலகம் மேலே படாமல் அதைக் காக்க வேண்டும், எவ்வளவு விலகி நிற்கிறோமோ அவ்வளவு பரிசுத்தம் என்பது அந்த எண்ணம். தீட்டுப் பார்த்துப் பழகிய மண்ணில் இதை யாரும் விளக்கிச் சொல்லவே வேண்டாம். புதிய ஏற்பாடு பேசும் பரிசுத்தமாகுதலோ இதற்கு எதிர்த்திசையில் போகிறது என்பது என் வாதம்.

பாபிலோனிலிருந்து திரும்பிய யூதர்கள் எருசலேம் ஆலயத்தை மறுபடி கட்டத் தொடங்கிய கி.மு. 520இல், ஆகாய் தீர்க்கதரிசி ஆசாரியர்களிடம் இரண்டு கேள்விகள் கேட்கிறார். பலியின் பரிசுத்த மாம்சத்தை ஒருவன் தன் வஸ்திரத் தொங்கலில் எடுத்துப் போகிறான். அந்தத் தொங்கல் அப்பத்திலோ எண்ணெயிலோ பட்டால் அவை பரிசுத்தமாகுமா? ஆகாது என்கிறார்கள். பிணத்தைத் தொட்டவன் அவற்றைத் தொட்டால் தீட்டுப்படுமா? படும் என்கிறார்கள். ஆக, தீட்டு தொற்றும், பரிசுத்தம் தொற்றாது. இந்த விதியை நினைவில் வைத்துக்கொண்டு சுவிசேஷங்களைப் படித்தால் சில காட்சிகள் திடுக்கிட வைக்கும். இயேசு கைநீட்டிக் குஷ்டரோகியைத் தொடுகிறார். விதிப்படி தொட்டவருக்குத்தான் தீட்டு, நடப்பதோ ரோகி சுத்தமாவது. பன்னிரண்டு வருஷம் பெரும்பாட்டால் வருந்திய பெண் கூட்டத்துக்குள் நுழைந்து அவர் வஸ்திரத்தின் ஓரத்தைத் தொடுகிறாள். ஆகாயின் ஆசாரியர்கள் எதையும் கடத்தாது என்று தீர்ப்புச் சொன்ன அதே துணியோரம்! அவள் குணமாகிறாள், அவர் போய்க் குளித்துச் சுத்திகரித்துக்கொண்டதாக ஒரு வார்த்தையும் இல்லை.

பவுல் இதை உபதேசமாகவே வடிக்கிறார். ஏறக்குறைய கி.பி. 54இல் எபேசுவிலிருந்து கொரிந்து சபைக்கு அவர் எழுதிய நிருபத்தின் ஏழாம் அதிகாரத்தில், அவிசுவாசியான கணவனோடோ மனைவியோடோ வாழ்பவர்கள் என்ன செய்வது என்ற பிரச்சினை வருகிறது. விலகிவிடுங்கள் என்பதுதான் எதிர்பார்க்கக்கூடிய பதில். பவுலோ, விசுவாசியால் துணைவரே பரிசுத்தமாக்கப்படுகிறார், பிள்ளைகளும் பரிசுத்தர் என்கிறார். அந்த நிருபம் யாருக்கு எழுதப்பட்டது என்பதும் முக்கியம். கட்சி பிரிந்து சண்டை, சகோதரன்மேல் சகோதரன் ஊர் நீதிமன்றத்தில் வழக்கு, தகப்பனின் மனைவியோடு வாழ்பவனைச் சபை சகித்துக்கொண்ட வெட்கக்கேடு. இந்தக் கூட்டத்தை முதல் அதிகாரத்திலேயே கிறிஸ்துவுக்குள் பரிசுத்தமாக்கப்பட்டவர்கள் என்று பவுல் அழைத்துவிடுகிறார். முதலில் கொடை, பிறகுதான் அதற்கேற்ற நடை. வாழ்க்கை சீரான பிறகு கிடைக்கும் பட்டமாக அவர் பரிசுத்தத்தை நினைத்திருந்தால் அந்த நிருபத்தின் முதல் வரிகளை எழுதியே இருக்க முடியாது.

அப்படியானால் அவர் எதற்காகக் கோபப்படுகிறார்? பதினோராம் அதிகாரத்தில், சாப்பாட்டுக்காக. சபை கூடியது வசதியுள்ளவர்களின் வீடுகளில். ரோமானிய பாணி வீட்டின் உணவறையில் சாய்ந்து உண்ண ஒன்பது பேர் போல இடம் இருக்கும், மற்றவர்கள் முற்றத்தில்தான். கூலியாட்களும் அடிமைகளும் வேலை முடிந்து வந்து சேர்வதற்குள் மற்றவர்கள் சாப்பிட்டுத் தீர்த்திருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள். ஒருவன் பசியோடிருக்கிறான், இன்னொருவன் வெறித்திருக்கிறான், இது கர்த்தருடைய விருந்தே அல்ல என்பது பவுலின் தீர்ப்பு. அந்த மேசையில் அபாத்திரமாய்ப் பங்குபெறுவது பற்றிய அவரது கடும் எச்சரிக்கையும் இந்த இடத்தில்தான் வருகிறது. நாம் அதை ரகசியப் பாவங்களை எண்ணி நடுங்கும் நேரமாக்கிவிட்டோம். அவரோ முற்றத்தில் பசித்து நின்றவர்களைப் பார்த்துப் பேசினார். இது பவுல் புதிதாகக் கண்டுபிடித்ததும் அல்ல. பரிசுத்தராயிருங்கள் என்று கட்டளையிடும் லேவியராகமம் பத்தொன்பதாம் அதிகாரம், வயலின் ஓரத்தை ஏழைக்கு விட்டுவை, கூலியை விடியும்வரை நிறுத்திவைக்காதே, கள்ளத்தராசு பிடிக்காதே என்றுதான் அதற்கு விவரம் தருகிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது வலுவானதும்கூட. அதே நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் பவுல் ஓர் ஆளைச் சபையிலிருந்து நீக்கச் சொல்கிறாரே? கொஞ்சம் புளித்தமா பிசைந்த மாவனைத்தையும் புளிக்க வைக்கும் என்று, தீட்டின் தர்க்கத்தையே கையாள்கிறாரே? இரண்டாம் நிருபத்தில் பிரிந்துபோங்கள் என்றும் சொல்கிறாரே? ஆம். பரிசுத்தத்துக்கு எல்லையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த எல்லை எங்கே போடப்படுகிறது என்று பார்க்க வேண்டும். ஐந்தாம் அதிகாரத்தின் முடிவில் அவரே விளக்குகிறார்: உலகத்தாரோடு கலவாதிருங்கள் என்று நான் சொல்லவில்லை, அப்படியானால் உலகத்தை விட்டே போக வேண்டியிருக்கும். சகோதரன் என்ற பெயரோடு உள்ளே இருந்துகொண்டு விபசாரம் செய்பவன், பொருளாசைக்காரன், கொள்ளையடிப்பவன், இவர்களோடுதான் உண்ணக் கூடாது. பொருளாசைக்காரனையும் அந்த வரிசையில் சேர்த்திருப்பதை எத்தனை பிரசங்கங்களில் கேட்கிறோம்?

கோடு இடம் மாறினால் என்ன ஆகும் என்பதற்குத் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளம் சாட்சி. 1872இல் அங்கே எழுந்த கத்தோலிக்கத் தேவாலயத்துக்கு ஒரே பீடம், ஆனால் அதிலிருந்து காற்சட்டையின் இரு கால்கள்போலப் பிரிந்துபோகும் இரண்டு கூடங்கள். ஒன்று வேளாளக் கிறிஸ்தவர்களுக்கு, மற்றது நாடார் முதலான பிறருக்கு. 1910இல் பிரிவுச் சுவர் இடிக்கப்பட்டபோது, எங்கள் உரிமை போயிற்று என்று வேளாளர் தரப்பு தொடுத்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம்வரை போய்த் தோற்றது. ஒரே நற்கருணை, பங்குபெறச் சுவரின் இரு பக்கமும் ஆட்கள். கொரிந்தின் உணவறையையும் முற்றத்தையும் செங்கல்லில் கட்டிக்காட்டியதுபோல. தன்னைக் காத்துக்கொள்ளும் சுத்தம் என்ற எண்ணம் கடைசியில் போய்ச் சேரும் இடம் இதுதான் என்பேன். மது அருந்தாமையும் உபவாசமும் அந்தச் சுவரை அசைக்கவில்லை.

பரிசுத்தம் ஏற்கெனவே தரப்பட்டது என்றால் முயற்சி எதற்கு என்பது இன்னொரு கேள்வி. விசுவாசி ஒரே நேரத்தில் நீதிமானும் பாவியும் என்ற லுத்தரின் போதனை பலரைச் சோம்பேறிகளாக்கியது என்று குற்றம் சாட்டப்பட்டதுண்டு. ஜான் வெஸ்லி இன்னொரு பக்கம் நின்றார். இம்மையிலேயே பூரண பரிசுத்தம் கிட்டலாம் என்று 1766இல் ஒரு நூலே எழுதினார். ஆனால் அவர் சொன்ன பூரணம் தவறே செய்யாமை அல்ல, கடவுளிடமும் அயலானிடமும் முழு இருதயத்தோடு அன்புகூர்தல். தமக்கு அது கிட்டிவிட்டதாக அவர் உரிமை கோரவுமில்லை. இந்த விஷயத்தில் லுத்தரைவிட வெஸ்லி பவுலுக்கு நெருக்கம் என்று எனக்குப் படுகிறது, குறிப்பாக முயற்சி எங்கே நடக்க வேண்டும் என்பதில். 1742இல் பிரிஸ்டல் நகரில் வெஸ்லியைப் பின்பற்றிய மெதடிஸ்டுகளின் கூடத்தின் கடனை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி தர வேண்டும் என்று பேச்சு எழுந்தது. ஏழைகளால் முடியாதே என்று ஒருவர் சொல்ல, கேப்டன் ஃபாய் என்பவர், மிக ஏழைகளில் பதினோரு பேரை என் பொறுப்பில் விடுங்கள், தர இயலாதவர்களுக்கு நானே தந்துவிடுகிறேன் என்றார். அப்படிப் பன்னிருவர் பன்னிருவராகப் பிரித்து வீடு வீடாகப் போனபோது, எந்த வீட்டில் சண்டை, யார் குடிக்கிறார் என்பதும் தெரியவந்தது. மெதடிஸ்டுகளின் வகுப்புக் கூடுகை அந்த வசூலிலிருந்துதான் பிறந்தது.