தலையெழுத்தா, பற்காரையா?

ஐம்பதில் பல் ஆடினால் வயது என்கிறோம். முப்பதில் ஆடினால் தலையெழுத்து என்கிறோம். எழுதியவன் யாரென்று வாயைத் திறந்து பார்த்ததுண்டா?

துலக்காமல் விட்ட அழுக்கில் எச்சிலின் சுண்ணாம்புச் சத்து ஏறிக் காரையாக இறுகுகிறது. அது ஈறுக்கடியில் இறங்கிவிட்டால் பிரஷ் எட்டாது. ஈறு பல்லைவிட்டு விலகிப் பள்ளம் விழுகிறது. மருத்துவர் மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை அதில் விட்டு அளப்பார். மூன்று வரை சரி. ஐந்து, ஆறு என்றால் மரத்துப்போக ஊசி போட்டு, நுனி வளைந்த சுரண்டியை உள்ளே விட்டு, வேரில் ஒட்டியதைச் சுரண்டி எடுப்பார். பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடம். கையில் உறுத்தும் சொரசொரப்பு நின்றால்தான் வேலை முடிந்தது. அதற்கும் அடங்காவிட்டால் ஈறைத் திறந்து சுத்தம் செய்யவேண்டும். இதில் பிரம்மனுக்கு என்ன வேலை?

"க்ளீன் பண்ணினால் பல் ஆடும், சந்து விழும்" என்பீர்கள். சந்து போட்டது நோய். காரை அதை அடைத்து உங்களை ஏமாற்றிக்கொண்டிருந்தது. ரத்தம் வருகிறதென்று அந்தப் பக்கம் துலக்குவதையே நிறுத்துகிறீர்களே, அது எந்த ஊர் வைத்தியம்?

நார்வேயைச் சேர்ந்த ஹரால்ட் லோ 1965இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார். மூன்று வாரத்துக்குள் ஈறு வீங்கியது. மறுபடி துலக்கியதும் தணிந்தது. காரணமும் தெரிந்தது, பரிகாரமும் தெரிந்தது. 1970இல் அவர் குழு இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனது. 480 ஆண் தொழிலாளர்கள். தென்னிந்தியாவிலிருந்து கூலிகளாகப் போன தமிழர்களின் வாரிசுகள். பிரஷும் பல் மருத்துவமும் எட்டாதவர்கள். கைவைக்காமல் விட்ட ஈறுநோய் எப்படிப் போகும் என்று காட்ட அந்த வாய்கள்தான் வசதியாக இருந்தன. பதினைந்து ஆண்டுகள் கவனித்தார்கள். 8 சதவீதத்தினருக்கு நோய் வேகமாக அரித்தது. 45 வயதுக்குள் பற்களெல்லாம் போயின. 81 சதவீதத்தினருக்கு மிதமாக அரித்தது. 11 சதவீதத்தினருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றது.

"பார், அந்தப் பதினொன்று விதிதானே?" என்று கேட்க ஒருவர் இருப்பார். உடம்புக்கு உடம்பு எதிர்ப்புச் சக்தி வேறு, ஐயா. உங்கள் பிள்ளை எந்தக் கணக்கில் வருவான் என்று தெரியுமா? தெரியாமல் அவன் பல்லை வைத்துச் சூதாடுவீர்களா?

உலகமெங்கும் பல் மருத்துவம் படிப்பவர்கள் இன்றும் அந்த எண்களைப் படிக்கிறார்கள். எண்களைத் தந்தவர்கள்? இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் இந்தத் தோட்டங்களின் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியிருந்தது. ஆய்வாளர்களை மட்டும் நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. பிரஷ்கூட எட்டாத கூலியைக் கொடுத்த தோட்டம், இவர்கள் எங்கள் குடிகளே அல்ல என்ற அரசு, இரண்டும் பக்கத்திலேயே நிற்கட்டும்.

நீங்களும் நானும் எங்கே நிற்கிறோம்? வீட்டு வேலைக்கு வரும் அம்மா ஈறில் ரத்தம் என்றால் கிராம்பு வைக்கச் சொல்கிறோம். அதை விடுங்கள். சம்பளம் பிடிக்காமல் ஒரு நாள் லீவு கொடுத்து, அரசுப் பல் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். இரண்டாவது முறை வரச்சொன்னால் அதற்கும் லீவு கொடுங்கள்.