வருஷத்தில் நாற்பது நாள்

உங்கள் வீட்டுப் பரண்மேல் ஒரு பெரிய அண்டா இருக்கும். கல்யாணச் சீராக வந்தது. ஐம்பது பேருக்குச் சோறு வடிக்கலாம். கடைசியாக எப்போது அதைக் கீழே இறக்கினீர்கள்? போகட்டும், அண்டா பாவம், சும்மாதான் கிடக்கிறது. தீனி கேட்பதில்லை, புகை விடுவதில்லை. அதே மனசோடு நாம் வண்டி வாங்கப் போகும்போதுதான் வம்பு.

திருவண்ணாமலையில் எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர் இருக்கிறார். பந்தல், சேர், சீரியல் லைட், சமையல் பாத்திரம் எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். கூடவே சக்கரம் வைத்த ஜெனரேட்டர் ஒன்று. வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போவார். இருந்த வண்டி ஒருநாள் படுத்துவிட, புதுசு வாங்கும் கட்டாயம். "ஜெனரேட்டர இஸ்துகினு ஏத்தத்துல நின்னு எடுக்கணும் சார். டீசலா, கேஸா? ஒரே வார்த்தைல சொல்லுங்க" என்றார்.

கேஸ் என்றால் இங்கே சி.என்.ஜி. அது தீர்ந்தால் பெட்ரோலில் ஓடும். அமெரிக்காக்காரன் பெட்ரோலையே கேஸ் என்பான். படகையும் சக்கரம் வைத்த வீட்டையும் பிக்கப்புக்குப் பின்னால் கட்டி இழுக்க எது உசத்தி என்று அங்கேயும் ராப்பகலாகச் சண்டை. அதில் பலருக்குப் படகு, நம் அண்டா மாதிரி.

ஒரே வார்த்தையில் சொல்வது சுலபம். இழுக்க வேண்டுமென்றால் டீசல். பெட்ரோல் எஞ்சினில் காற்றும் எரிபொருளும் சேர்ந்த கலவையைச் சுமார் பத்தில் ஒரு பங்காக அமுக்கி, தீப்பொறி வைத்துக் கொளுத்துகிறோம். டீசலில் தீப்பொறியே கிடையாது. காற்றைப் பதினாறு, பதினெட்டில் ஒரு பங்காக நெருக்கினால் அதுவே கொதித்துப் போகிறது. அதில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். லிட்டருக்குச் சுமார் பத்து சதவிகிதம் சக்தியும் கூடுதல். முக்கியமாக, எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே முழு இழுவை கிடைக்கும். சுமையோடு மேட்டில் நின்று கிளம்புகிறவனுக்கு அதுதான் வேண்டும்.

2005-ல் டாடா ஏஸ் வந்தபோது அதில் இருந்தது 702 சி.சி., இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின். வெறும் 16 குதிரை சக்தி. அது முக்கால் டன்னைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்த நம் ஜனங்கள் 'குட்டி யானை' என்று பேர் வைத்தார்கள். கம்பெனிக்காரன் வைத்த பேரைவிட நல்ல பேர்.

இந்த எஞ்சினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசலைப் பற்றி இரண்டு சேதிகள் சொல்ல வேண்டும். ஒன்று, 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் அவருடைய எஞ்சின் ஒன்று கடலை எண்ணெயில் ஓடியது. ஆமாம், திருவண்ணாமலைக் காட்டில் விளைகிற அதே மல்லாட்டை. இரண்டாவது சேதி பலருக்குத் தெரியாது. 1903-ல் அவர் சமுதாயத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். தொழிலாளிகள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, பொது நிதி சேர்த்து, தொழிற்சாலைகளைத் தாங்களே கூட்டாக வைத்துக்கொள்ளலாம் என்பது சாரம். பெரிய முதலாளிகளின் நீராவி எஞ்சினுக்கு எதிரில், சின்னப் பட்டறைக்காரனின் கையில் ஒரு சக்தியைக் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய பழைய ஆசை. எஞ்சினை உலகம் வாங்கிக்கொண்டது. புத்தகத்தை வாங்க ஆளில்லை. 1913-ல் கப்பலில் இங்கிலாந்து போகும்போது கடலில் காணாமல் போனார்.

நம் பந்தல்காரருக்கு வருவோம். அவரை ஒரு கணக்குப் போடச் சொன்னேன். ஜெனரேட்டரை வருஷத்தில் எத்தனை நாள் இழுக்கிறாய்? விரல் விட்டு எண்ணினார். கார்த்திகை தீபம் பத்து நாள். ஆடியில் அம்மன் கோயில் கூழ் ஊற்றுகிற ஊர்கள். சித்திரை, வைகாசியில் பாரதக் கூத்து, அக்னி வசந்த விழா. எல்லாம் சேர்த்து நாற்பது. மற்ற நாளெல்லாம்? குடோனிலிருந்து மண்டபத்துக்கு நூறு சேர். ரெண்டு கிலோமீட்டர், போய்விட்டு வர வேண்டியது.

இங்கேதான் யானை முரண்டு பிடிக்கும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபின், டீசல் வண்டிகளில் கரித்தூளைப் பிடித்துவைக்க ஒரு வடிகட்டி வைக்கிறார்கள். பிடித்த கரியை எரித்துத் தள்ள, எஞ்சின் நன்றாகச் சூடேறிக் கொஞ்ச நேரம் தொடர்ந்து ஓடியாக வேண்டும். தேரடி வீதியில் ஆட்டோவுக்கும் மாட்டுக்கும் நடுவே ஊர்ந்தால் எரியாது. அடைத்துக்கொள்ளும். சின்ன வேலை யானைக்கு ஆகாது.

இது வரைக்கும் கணக்கு. இனிமேல்தான் நான் சொல்ல வந்தது.

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமி ராத்திரியில் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள், சரி. மற்ற நாட்களில் வண்டியும் போகும், வெறுங்காலோடு மனுஷரும் போவார்கள். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிற நாலு வயசுக் குழந்தையின் மூக்கு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். நம் மூக்கைவிடச் சைலன்ஸருக்குக் கிட்டே. டீசல் புகை புற்றுநோய் தரும் என்று 2012-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு சந்தேகமில்லாத பட்டியலில் சேர்த்துவிட்டது. புது வண்டியின் புகை முன்னைப்போல் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். அது வடிகட்டி வேலை செய்கிறவரைக்கும்தான். அடைத்துக்கொண்ட வடிகட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டலாம் என்று யோசனை சொல்லவும் ஆள் இருக்கும்.

அப்படியானால் பெட்ரோல் புனிதமா? அதுவும் இல்லை. ஒரே தூரத்துக்கு டீசல் குறைவாகக் குடிக்கிறது, கரியமில வாயுவும் குறைச்சல். இதை நம்பித்தான் ஐரோப்பா டீசல் கார்களைத் தாலாட்டி வளர்த்தது. 2015-ல் ஃபோக்ஸ்வேகன் மாட்டிக்கொண்டது ஞாபகம் இருக்கும். சோதனை நடக்கிறது என்று தெரிந்ததும் மட்டும் ஒழுங்காக நடந்துகொள்கிற மென்பொருளோடு, உலகம் முழுக்கச் சுமார் ஒரு கோடியே பத்து லட்சம் கார்கள். பரீட்சை ஹாலில் மட்டும் நல்ல பிள்ளை!

அந்த மோசடியை விடுங்கள். நிஜமான சிக்கல் வேறு. இன்னும் பிறக்காத பேரனுக்காக வானத்தைக் காப்பாற்றுவதா, பக்கத்தில் நடக்கிற குழந்தையின் நெஞ்சைக் காப்பாற்றுவதா? இரண்டும் தர்மம்தான். எனக்கென்னவோ, முகம் தெரிகிற குழந்தைக்குத்தான் முதல் கடன் என்று படுகிறது. நீங்கள் வேறு மாதிரி நினைத்தால் சண்டைக்கு வரமாட்டேன்.

ஆனால் இதைப் பந்தல்காரரிடம் எந்த முகத்தோடு சொல்வது? மாசாமாசம் தவணை கட்ட வேண்டியவர். மேட்டில் ஜெனரேட்டர் நின்றுவிட்டால் அன்றைக்குக் கூத்து இருட்டில் போகும், அடுத்த வருஷம் அந்த ஊர் அவரைக் கூப்பிடாது. சென்னையில் ஏழு பேர் உட்காரும் டீசல் காரில் ஒற்றை ஆளாக ஆபீஸ் போகிறார்களே, கேட்டால் "எப்பவாவது ஃபேமிலியோட கொடைக்கானல் போனா..." என்கிறார்களே, கேள்வி முதலில் அவர்களுக்கு. எப்போதோ வரப்போகிற பாரத்துக்காகத் தினமும் பலம் சுமப்பதை நாம் முன்யோசனை என்கிறோம். பாதி நேரம் அது பயம். மீதி நேரம் பெருமை.

இந்த ஊரில் இழுக்கப்படுவதிலேயே பெரிய பாரம் எது? தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் மகா ரதம். அதை இழுக்கிற சக்தி யாருடைய கொட்டகையிலும் வருஷம் பூரா நிற்பதில்லை. அன்று காலையில் ஜனங்களாக வந்து சேர்கிறது, ராத்திரி அவரவர் வீட்டுக்குப் போய்விடுகிறது. அம்மன் தேர் பெண்களுக்கு, சண்டிகேஸ்வரர் தேர் சின்னப் பிள்ளைகளுக்கு. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் ஹைட்ராலிக் பிரேக் செய்து கொடுத்தது, பின்னாலிருந்து புல்டோசர் தள்ளுகிறது, அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் அந்தத் தேருக்காக யாரும் வீட்டுக்கு வீடு புல்டோசர் வாங்கி வைக்கவில்லையே!

தேர்க்காரர்களுக்குத் தெரிந்த இன்னொன்று, இழுக்கிறவன் ஆயிரம் பேர், நிறுத்துகிறவன் நாலு பேர். முட்டுக்கட்டை போடுகிறவன் கை பிசகினால் அவ்வளவுதான். ஜவ்வாது மலை இறக்கத்தில் பின்னால் தள்ளுகிற ஜெனரேட்டரைப் பற்றி நான் கேட்டதும் பந்தல்காரர் கொஞ்ச நேரம் பேசவில்லை. வாங்குகிற அன்று எல்லோரும் இழுவையைத்தான் கேட்கிறோம். பிரேக்கை யார் கேட்கிறார்கள்?

அவர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். தினசரி ஓட்டத்துக்குக் கேஸ் வண்டி எடுத்தார். ஜெனரேட்டருக்காக, அதே தொழிலில் இருக்கிற மூன்று பேரோடு கூட்டுச் சேர்ந்து பழைய டீசல் பிக்கப் ஒன்றை வாங்கிப்போட்டிருக்கிறார். நாலு பேருக்கு ஒரு யானை. ருடால்ஃப் டீசலின் புத்தகத்தை அவர் படித்திருக்க வாய்ப்பில்லை.

நாலு பேருக்கும் வண்டி தேவைப்படுகிற நாட்கள் ஒன்றேதான் என்பது பிறகுதான் உறைத்திருக்கிறது. தீபத்தின் பத்து நாளில் யார் எந்த நாள் எடுப்பது என்று சீட்டுக் குலுக்கிப் பார்த்தார்களாம். ஏழாம் நாள் விழுந்தவர் மாற்றிக்கொள்ள மாட்டேன் என்கிறார். போனவாரம்வரை பஞ்சாயத்து நடந்துகொண்டுதான் இருந்தது.