தடி இல்லாத காட்சி

திரைக்கதையை முதுகலைப் பாடமாகப் படிக்கிற ஒரு தலித், வகுப்பில் சொல்லித்தரப்படுவதை வெறும் தொழில்நுட்பம் என்று எடுத்துக்கொள்ள முடியுமா என்பதே இங்கே என் கேள்வி. லென்ஸ் மாட்டுவது தொழில்நுட்பம். ஒலியைப் பதிவு செய்வது தொழில்நுட்பம். எது கதை, எது கதையாகாது என்று தீர்ப்புச் சொல்வதும் தொழில்நுட்பம்தானா? அது அறம் சார்ந்த விஷயம் என்கிறேன் நான். அப்படியானால் அந்தத் தீர்ப்பு யார் பக்கம் நின்று சொல்லப்படுகிறது என்று கேட்கிற உரிமை படிக்க வந்தவனுக்கு உண்டு.

பூனாவில் பிரபாத் ஸ்டுடியோ இருந்த இடத்தில் 1960-இல் மத்திய அரசின் திரைப்பட நிறுவனம் வந்தது. கல்கத்தாவில் 1995-இல் சத்யஜித் ராய் பெயரில் இன்னொன்று வந்தது. இன்று தனியார் கல்லூரிகளிலும் திரைக்கதை எழுத்துக்கென்று மேற்படிப்பு நடக்கிறது. நான் படித்த இடத்தின் பெயர் இங்கே தேவையில்லை. முதல் வாரத்துப் பாடம் பெரும்பாலும் ஒன்றுதான். அமெரிக்கரான சிட் ஃபீல்ட் 1979-இல் வெளியிட்ட 'ஸ்கிரீன்ப்ளே' புத்தகத்தின் கணக்கு அது. ஒரு பக்கம் என்றால் ஒரு நிமிடம். 120 பக்கத்தில் முதல் 30 அறிமுகம், நடு 60 மோதல், கடைசி 30 தீர்வு. நாயகனுக்கு ஒன்று வேண்டும், அதை ஒருவர் மறிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிவதையும் காதில் விழுவதையும் மட்டும் எழுத வேண்டும். மோதல் இல்லாத காட்சியை வெட்டிவிட வேண்டும்.

இதை வெள்ளைக்காரன் சூத்திரம் என்று தூக்கியெறிகிறவன் அல்ல நான். எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இந்தக் கணக்கு பிரசங்கத்தைக் குறைக்கும், வளவளப்பை அறுக்கும். நம் ஆட்கள் எழுதும் பல திரைக்கதைகளில் பாத்திரங்கள் பேசுவதில்லை, மேடைதான் பேசுகிறது. அதற்கு இந்தப் பாடம் நல்ல மருந்து. எனக்குச் சிக்கல் கடைசி விதியில்தான்.

இரண்டாம் பருவத்தில் ஒரு குறும்படத்துக்குத் திரைக்கதை கேட்டார்கள். எங்க ஆயாவைத் தூக்கிக்கொண்டு போன நாளை எழுதினேன். எங்க காலனியிலிருந்து சுடுகாட்டுக்கு நேர்வழி ஊர்த்தெரு. பஞ்சாயத்து போட்ட ரோடு அது. ரேஷன் கடைக்கு அதிலேதான் போகிறோம், பஸ் ஏறவும் அதிலேதான் போகிறோம். பாடை மட்டும் போகாது. ஊர்த்தெரு தொடங்குகிற புளியமரத்துக்கிட்ட வந்ததும் பறை நின்றது. யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. தூக்கியிருந்த நாலு பேரும் தாமாகவே இடது பக்கம் திரும்பி வரப்பில் இறங்கினார்கள். கார்த்திகை மாசம், வயலில் முழங்கால் சேறு. வாய்க்காலைத் தாண்டும்போது பாடை சாய்ந்து ஆயாவின் கை வெளியே வந்து தொங்கியது. முன்பக்கம் தூக்கியிருந்த பெரியப்பா ஒரு கையால் அதைப் பிடித்து மார்போடு அணைத்துக்கொண்டே நடந்தார். இவ்வளவுதான் காட்சி.

வகுப்பில் கேட்ட முதல் கேள்வி: இதில் மோதல் எங்கே? யாரும் தடுக்கவில்லையே, ஏன் திரும்புகிறார்கள்? பிறகு யோசனைகள் வந்தன. புளியமரத்தடியில் தடியோடு நாலு பேரை நிறுத்தலாம் என்றார் ஒருவர். மாற்றலாகி வந்த இளம் தாசில்தார் ஒருவரை வைத்து அவர் பார்வையில் சொல்லலாம் என்றார் இன்னொருவர். தடியோடு நிற்கிறவனுக்கு ஏன் இத்தனை கோபம், அவன் சொந்த வாழ்க்கையில் என்ன காயம் என்று காட்டினால் பாத்திரம் ஆழப்படும் என்றார் மூன்றாமவர். கேலியாகச் சொன்னவர் ஒருவருமில்லை. எல்லாருமே என் கதைக்கு உதவி செய்யத்தான் சொன்னார்கள். பிரச்சினையே அங்கேதான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமலே, கற்றுக்கொண்ட இலக்கணம் அவர்களை அந்த மூன்று இடங்களுக்குக் கொண்டுபோய் விட்டது.

மூன்றாவது யோசனையிலிருந்து தொடங்குகிறேன். 1968 டிசம்பர் 25 இரவு வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். கூலி உயர்த்திக் கேட்டதும், செங்கொடிச் சங்கத்தை விட மறுத்ததும் காரணம். அந்த நிகழ்வை வைத்து இந்திரா பார்த்தசாரதி எழுதிய 'குருதிப்புனல்' 1977-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதைத் தழுவி 1983-இல் 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' என்ற படமும் வந்தது. அந்த நாவல் பண்ணையாருடைய வன்மத்துக்கு அவருடைய ஆண்மைக்குறைவைக் காரணமாக வைத்தது. அதற்கு அப்போதே எதிர்ப்பு கிளம்பியது. பாத்திரத்துக்கு உள்மனக் காரணம் தேடுவது எழுத்தில் நியாயமான வேலைதான். ஆனால் நெல்லுக்கும் நிலத்துக்கும் சாதிக்கும் நடந்த கொலையை ஒரு ஆளின் உடம்புக் கோளாறாகச் சுருக்கும்போது, மற்ற பண்ணைகளெல்லாம் தப்பித்துக்கொள்கின்றன. ஆழம் என்று பெயர் சொல்லிக்கொண்டு குற்றம் சின்னதாகிறது.

தாசில்தார் யோசனை நமக்குப் பழகிய யோசனை. 'ஆர்டிகிள் 15' படத்தில் (2019) கொலையுண்ட தலித் சிறுமிகளின் ஊருக்கு நம்மை அழைத்துப் போகிறவர் ஒரு பிராமண போலீஸ் அதிகாரி. 'ஜெய் பீம்' படத்தில் (2021) லாக்கப்பில் புருசனைப் பறிகொடுத்த பெண்ணின் போராட்டம் வக்கீலின் போராட்டமாக வேகம் பிடிக்கிறது. இந்தப் படங்களால் விளைந்த நன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் வேட்கை உள்ளவனே நாயகன், செயல்படுகிறவனே நாயகன் என்ற விதியை வைத்துக்கொண்டு தேடினால், ஆபீசு, சட்டம், ஜீப்பு எல்லாம் யார் கையில் இருக்கிறதோ அவரிடம்தான் கதை போய்ச் சேரும். விதி நடுநிலையானது போலத் தெரிகிறது. அதிகாரம் ஒரு பக்கம் குவிந்திருக்கிற சமூகத்தில் அது நடுநிலையாக வேலை செய்வதில்லை.

என்னை ரொம்ப நாள் தூங்கவிடாமல் செய்தது முதல் யோசனை. தடியோடு நாலு பேர். அப்படி எழுதினால் காட்சி விறுவிறுப்பாகும், பார்க்கிறவருக்குக் கோபம் வரும், மதிப்பெண்ணும் வரும். அப்புறம் என்ன ஆகும்? தடி இருக்கிற இடத்தில்தான் சாதி இருக்கிறது என்று பார்க்கிறவர் முடிவு செய்வார். தன் தெருவில் தடியோடு யாரும் நிற்கவில்லையே, ஆகவே நாங்கள் அப்படியில்லை என்று நிம்மதியாக வீட்டுக்குப் போவார். என் ஆயாவின் பிணத்தை வைத்து அவருக்கு நற்சான்றிதழ் கொடுத்தவனாவேன் நான்.

மகத் போராட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பொது நீர்நிலைகளைத் தீண்டப்படாதாருக்குத் திறந்துவிட வேண்டும் என்று பம்பாய்ச் சட்டமன்றம் 1923-இல் தீர்மானம் போட்டது. மகத் நகராட்சி 1924-இல் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானித்தது. அம்பேத்கர் 1927 மார்ச் 20 அன்று மக்களோடு போய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். அன்றைக்கு ஊர் திரும்பிக்கொண்டிருந்த சனங்களைச் சாதி இந்துக்கள் அடித்தார்கள். தடி வந்தது தண்ணீரைத் தொட்ட பிறகுதான். 1924-க்கும் 1927-க்கும் நடுவில் மூன்று வருசம், காகிதத்தில் திறந்திருந்த குளத்தை யாரும் தொடவில்லை. 1927 மார்ச்சைத் திரைக்கதையாக்க சிட் ஃபீல்ட் போதும். நாயகர் உண்டு, வேட்கை உண்டு, எதிரி உண்டு. அந்த மூன்று வருசத்தை எழுத அவருடைய கணக்கில் பக்கமே கிடையாது. ஆனால் சாதி முழுசாக ஆட்சி செய்தது அந்த மூன்று வருசத்தில்தான். தடியைத் தூக்க வேண்டிய நிலைமை வந்தபோது அது ஏற்கெனவே கொஞ்சம் தோற்றுப்போயிருந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. இது என் அனுபவம் மட்டுமல்ல, பாடை தூக்கியவர்களின் அனுபவம். அவர்கள் குனிந்து நடந்ததை எழுதிப் பட்டம் வாங்க எனக்கு யார் அனுமதி கொடுத்தது? மோதல் இருக்கிறதா என்று வகுப்பில் கேட்டார்கள், சம்மதம் இருக்கிறதா என்று கேட்கவில்லை. அது பாடத்திட்டத்திலேயே இல்லை. லீவில் ஊருக்குப் போனபோது எழுதினதைப் பெரியப்பாவிடம் படித்துக் காட்டினேன். தடி யோசனையையும் சொன்னேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: "எழுதிக்கடா. ஆனா தடிய வச்சிக்கிட்டு எவனும் நிக்கல, அத மட்டும் மாத்தாத. எவனாச்சும் நின்னிருந்தா அன்னிக்கி நாங்க ஒரு கை பாத்திருப்பம். எவனும் நிக்காததாலதான் எறங்கனம்." படிப்பு முடிகிற வரைக்கும் இதைவிடத் தெளிவான திரைக்கதை விமரிசனத்தை நான் கேட்கவில்லை. தடியைச் சேர்த்தால் சாதி மட்டுமல்ல, அந்த நாலு பேரும் பொய்யாகிறார்கள். அடிக்குப் பயந்து இறங்கினவர்களாக அவர்களைக் காட்டிவிடுவேன்.

ஆகவே தடி இல்லாமலே எழுதிக் கொடுத்தேன். மதிப்பெண் குறைவாகத்தான் வந்தது. அதைத் தியாகம் என்று சொல்லிக்கொள்ள எதுவுமில்லை.

இப்படி எழுத முடியாது என்று யாராவது சொன்னால், எழுதி எடுத்திருக்கிறார்கள் என்று காட்ட முடியும். பிரேம்சந்த் கதையை வைத்து ராய் 1981-இல் எடுத்த 'சத்கதி'யில் துக்கியை யாரும் கட்டிவைத்து அடிப்பதில்லை. மகள் கலியாணத்துக்கு நாள் பார்க்க அவனே புல்லுக்கட்டோடு பிராமணர் வீட்டுக்குப் போகிறான், சோறு தண்ணியில்லாமல் விறகு பிளந்தே சாகிறான். நாகராஜ் மஞ்சுளேயின் மராத்திப் படம் 'ஃபன்றி'யில் (2013) குடும்பமே பன்றி பிடிக்க ஓடுகிறது, கூடப் படிக்கிற பசங்கள் வேடிக்கை பார்த்துச் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்குத் தடி தேவைப்படவில்லை. பையன் கடைசியில் எறிகிற கல் காமிராவை நோக்கி, அதாவது வேடிக்கை பார்க்கும் நம்மை நோக்கி வருகிறது. கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுது என்ற விதியை இவர்கள் மீறவில்லை. எதைக் கண்ணுக்குத் தெரியவைப்பது என்பதை மட்டும் தாங்களே தீர்மானித்தார்கள்.

நம்மிடம் மட்டும் 'உன் அனுபவத்தை எழுது' என்று கேட்கும் அன்பையும் சந்தேகிக்க வேண்டும். பக்கத்து இருக்கைக்காரர் பேய்க்கதை எழுதலாம், துப்பறியும் கதை எழுதலாம். நாம் எழவு வீட்டை மட்டும்தான் எழுத வேண்டுமா? பா. ரஞ்சித்தின் முதல் படம் 'அட்டகத்தி' (2012) காதலில் மறுபடி மறுபடி தோற்கிற ஒரு பையனின் சிரிப்புக் கதை. கொலை கொள்ளை எதுவும் இல்லாமல் நம் தெருவும் பேச்சும் கானாவும் திரையில் வந்தன. அதுவும் உரிமைதான்.

படிக்கப் போகாதீர்கள் என்று தம்பி தங்கைகளுக்கு நான் சொல்லவில்லை. போங்கள். ஸ்காலர்ஷிப்புக்கு விண்ணப்பம் போடுங்கள், இந்தக் கணக்கையெல்லாம் அவர்களைவிட நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். எழுதினதை ஆசிரியரிடம் கொடுக்கும் முன்னால் யாருடைய வாழ்க்கையோ அவர்களிடம் படித்துக் காட்டுங்கள். 'இதில் மோதல் இல்லை' என்று யாராவது சொன்னால், யார் கண்ணுக்கு இல்லை என்று கேளுங்கள். நம் பத்திரிகைகள் கவிதைக்கும் கதைக்கும் கொடுக்கிற பக்கத்தில் கொஞ்சம் திரைக்கதைக்கும் ஒதுக்க வேண்டும். படம் ஆகிறதோ இல்லையோ, நம் ஆட்கள் படித்துச் சண்டை போட அது வேண்டும். சம்மதம் கேட்பது எழுத்தாளரின் சுதந்திரத்தைக் கட்டிப்போடும் என்று மறுக்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எழுதட்டும், விவாதிப்போம்.