கப்பி பூட்டிய வில்

1966-இல் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஹாலிஸ் வில்பர் ஆலன், வில்லின் இரு முனைகளிலும் கப்பிகளைப் பூட்டி அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார், 1969-இல் கிடைத்தது. மரபான வில்லில் நாணை இழுக்க இழுக்கக் கனம் ஏறும். குறி பார்க்க வேண்டிய கணத்தில்தான் கை அதிகம் நடுங்கும். கப்பி வில்லிலோ பாதி வழியில் கனம் உச்சத்தைத் தொட்டு, முழுக்க இழுத்ததும் தளர்ந்துவிடும். 70 பவுண்டு விசையுள்ள வில்லுக்கு 80 விழுக்காடு தளர்வு என்றால், கை தாங்க வேண்டியது வெறும் 14 பவுண்டு. மான் விலாவைக் காட்டித் திரும்பும்வரை அவசரமின்றி நிற்கலாம். அதன்பின் கார்பன் அம்பு வந்தது. லேசரால் தொலைவை அளந்து, குறி வைக்க வேண்டிய புள்ளியைத் தானே ஒளியால் காட்டும் கருவி வந்தது. காட்டில் மான் நடந்தால் செல்போனுக்குப் படம் அனுப்பும் கேமராவும் வந்தது. இதில் எதுவரை தகும் என்பது அமெரிக்க வில் வேட்டைக்காரர்களுக்குள் தீராத வழக்கு.

கொல்லாமைக்குத் தனி அதிகாரம் வகுத்த குறளைப் படித்தவர்களுக்கு இந்த வழக்கே வேடிக்கையாகத் தோன்றலாம். கொல்வதென்று முடிவான பிறகு கருவியில் என்ன அறம்? ஆனால் கொலை அனுமதிக்கப்பட்ட இடத்திலும் எப்படிக் கொல்வது என்ற கேள்வி மிஞ்சும். கசாப்புக்கடைக்காரரிடமும் அதைக் கேட்கிறோம்.

கருவிகளை எதிர்ப்பவர்கள் முதலில் எடுப்பது பழைமையை. அது வலுவில்லாத வாதம். அமெரிக்காவில் இன்றைய வில் வேட்டையின் வேர், 1911-இல் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரருகே வெளிப்பட்ட யாஹி இனத்தின் கடைசி மனிதர் இஷியிடம் இருக்கிறது. அவரிடம் வில் பயின்ற மருத்துவர் சாக்ஸ்டன் போப் எழுதியதைப் பார்த்தால், வேட்டைக்கு முந்திய நாள் இஷி மீன் உண்ண மாட்டார், புகையிலை தொட மாட்டார். விடியலில் ஓடையில் குளித்து, மணமுள்ள இலைகளை உடம்பில் தேய்த்துக்கொண்டு கிளம்புவார். மானின் மூக்கை ஏய்த்து அருகே போவதற்கான ஏற்பாடு. அதே இஷி பாட்டில் கண்ணாடியைச் செதுக்கி அம்புமுனை செய்தார். கல்லைவிடக் கூரானது கிடைத்தபோது அவர் தயங்கவில்லை. ஆக, புதிது என்பதாலேயே ஒரு கருவி தீட்டாகிவிடாது.

கருவிகளை ஆதரிப்பவர்கள் சொல்வது இன்னும் கனமானது: துல்லியமே கருணை. தோட்டா அதிர்ச்சியாலும் கொல்லும். அம்பு ரத்தப்போக்கால் கொல்வது. நெஞ்சில் சரியாகப் பாய்ந்தால் சில நொடிகளில் மான் சாயும். வயிற்றில் பட்டால் மணிக்கணக்கில் அலைந்து, யார் கண்ணிலும் படாமல் சாகும். மேரிலாண்டில் ஒரு கடற்படைத் தளத்தில் 1989 முதல் 2006 வரை நடந்த வேட்டையை ஆராய்ந்தபோது, அம்பு பட்டும் கைக்குக் கிடைக்காமல் போனவை ஏறக்குறைய 18 விழுக்காடு. தேர்ச்சி சோதித்து அனுமதிக்கப்பட்டவர்கள், நவீன விற்களோடு போய் வந்த கணக்கு இது. இங்கிலாந்து வில்லால் மான் வேட்டையாடுவதைச் சட்டத்தால் விலக்கியிருக்கிறது என்றால், பின்னால் இருப்பது இந்த அச்சம்தான். பிழையைக் குறைக்கும் கருவி வந்தால் அதை மறுக்க யாருக்கு உரிமை?

மறுக்கலாம். அந்தக் கருணை, வேட்டைக்காரர் முன்பு நின்ற தொலைவிலேயே நின்றால்தான் செல்லும். கப்பி வில்லின் அம்பு நொடிக்குச் சுமார் 90 மீட்டர் போகும். நாணின் ஓசை 340 மீட்டர். 20 மீட்டரில் நிற்கும் மானுக்கு ஓசை எட்டியபின் அம்பு தைக்க 0.16 நொடி; அது அசைவதற்குள் காரியம் முடிந்துவிடும். 60 மீட்டரில் கிட்டத்தட்ட அரை நொடி. விழித்த மான் அதற்குள் உடம்பைத் தாழ்த்தித் துள்ளத் தயாராகிவிடும். நெஞ்சுக்கு விட்ட அம்பு முதுகில் பாயும். லேசர் தொலைவைச் சரியாகச் சொல்லியிருக்கும், கையும் நடுங்கியிருக்காது. மான் அசையாது என்ற உறுதியை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. 20 மீட்டரில் கருணையாக இருக்கும் அதே கருவி 60 மீட்டரில் ஆசைக்குக் கொடுத்த அனுமதிச் சீட்டாகிறது. வாங்குபவர்களில் எத்தனை பேர் பழைய தொலைவிலேயே நிற்பார்கள் என்பதை விளம்பரங்களே காட்டிக்கொடுக்கின்றன.

இன்னொரு கணக்கும் உண்டு, அதைப் பலர் வசதியாக மறப்பார்கள். விஸ்கான்சின் 1934-இல் வில்லுக்கென்று தனி மான் பருவம் ஒதுக்கியது. இன்று அங்கே வழக்கமான துப்பாக்கிப் பருவம் ஒன்பது நாள். வில் பருவம் செப்டம்பர் நடுவில் தொடங்கி ஜனவரிவரை நீளும், மான்கள் இணைதேடும் காலமும் அதற்குள் வரும். வில் பலவீனமானது, பலர் வெறுங்கையோடு திரும்புவார்கள் என்பதே அந்தத் தாராளத்துக்குக் காரணம். பலவீனத்துக்குக் கொடுத்த சலுகையை வைத்துக்கொண்டு பலவீனத்தை மட்டும் கழற்றி வைப்பது நேர்மையல்ல. முன்பு உடற்குறையுள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் மட்டுமே அங்கே, நாணைப் பூட்டி வைத்துத் துப்பாக்கிபோல் விசையழுத்தி எய்யும் குறுக்குவில்லுக்கு இடமிருந்தது. 2014-இல் எல்லோருக்கும் திறந்தார்கள். சில ஆண்டுகளில் குறுக்குவில்லால் விழுந்த மான்கள் கைவில்லால் விழுந்தவற்றை மிஞ்சின. மூட்டுவலிக்காரருக்குத் தந்த ஊன்றுகோலைத் திடகாத்திரமானவர் எடுத்துக்கொண்டு ஓடிய கதை இது. அவர் குறுக்குவில்லையே விரும்பினால் அந்த ஒன்பது நாளில் வரட்டும்.

கையாலேயே வில் செய்து வேட்டைக்குப் போன காட்டுயிர் அறிஞர் ஆல்டோ லியோபோல்ட், 1949-இல் வெளிவந்த தம் நூலில் வேட்டைக்குள் நுழையும் கருவிகளை நினைத்துக் கவலைப்பட்டார். கோட்டை எங்கே போடுவதென்று தமக்கும் தெரியவில்லை என்றார். ஒரு கோட்டையாவது துணிந்து போடலாம். அம்பு பட்ட பிறகு விலங்கின் துன்பத்தைக் குறைப்பவை தகும். அம்பின் வாலில் மின்னும் சிறு விளக்கு, எங்கே தைத்தது என்று காட்டும். கயிற்றில் பிடித்துச் செல்லும் மோப்ப நாய், விழுந்த மானைத் தேடித் தரும். வில் வேட்டைச் சாதனைகளைப் பதிவுசெய்யும் போப் அண்ட் யங் கழகம், வில்லிலும் அம்பிலும் மின்கருவி கூடாதென்று சொல்லிவந்தாலும், 2014-இல் அந்த விளக்கை ஏற்றது; நல்ல விலக்கு. அம்பு புறப்படும் முன்பே மானைக் கண்டுபிடித்துக் கொடுப்பவை வேறு வகை. வறண்ட அரிசோனாவில் ஒரே நீர்நிலையைச் சுற்றிக் கேமராக்கள் மொய்த்தன. தண்ணீருக்கு வந்தே ஆக வேண்டிய விலங்குக்கு ஒளிய இடமில்லை. வேட்டைக்கு அவற்றைப் பயன்படுத்த அந்த மாநிலம் விதித்த தடை 2022-இல் நடப்புக்கு வந்தது. லேசர் குறிநோக்கி இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. தொலைவைச் சட்டம் அளக்க முடியாது, கருவியைத்தான் தடுக்க முடியும். எனவே அதைத் தடுப்பதே சரி.

இந்த வாதமெல்லாம் பொருந்தாத இடம் ஒன்று உண்டு. ஓநாய் இல்லாமல் மான் பெருகிவிட்ட அமெரிக்கப் புறநகர்களில், வீடுகளுக்கிடையே துப்பாக்கி வெடிக்க முடியாது என்பதால் வில்லாளிகளை அழைக்கிறார்கள். அங்கே நடப்பது எண்ணிக்கைக் குறைப்பு. தப்பிக்கும் வாய்ப்பு என்ற பேச்சு அந்த மானுக்கு உதவாது, விரைந்த சாவுதான் உதவும். குறுக்குவில்லோ லேசரோ, கிட்டத்தில் நின்று எய்வதற்கு எது நிச்சயமோ அது இருக்கட்டும். அந்த வேலைக்குப் போனவர், கொம்பின் அளவைச் சாதனைப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லிக் கேட்காமலிருந்தால் போதும்.