கேட்டால் குறைந்துபோவோமா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தைத் தாண்டிப் போகிறவர்கள் உப்பளத்தருகே வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். பக்கத்திலிருக்கும் எக்கியார்குப்பத்துக்குள் போக மட்டும் கால் வருவதில்லை. மீனவர் ஊரில் எப்படி நடந்துகொள்வது, ஏதாவது தப்பாகிவிடுமோ என்ற கூச்சம்தான் காரணமென்று நினைக்கிறேன்.

உள்நாட்டில் வளர்ந்த எனக்கும் கடற்கரை வழக்கங்கள் தெரியாது. மணலில் விரித்துக் கிடக்கும் வலையைத் தாண்டலாமா, சுற்றித்தான் போகவேண்டுமா? கரையேற்றிய படகில் செருப்போடு ஏறலாமா? வலையின் கிழிசலை முடிந்துகொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன். "சுத்திக்கிட்டு வாங்க தம்பி. செருப்ப கழட்டிட்டு ஏறுங்க, சோறு போடுற படகு" என்றார். அதன்பிறகு காற்று, நீரோட்டம், மீன்பாடு என்று பேச்சு நீண்டது.

தெரியாததில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை. பிறந்த ஊரின் வழக்கம் தானாக வந்துவிடும். அடுத்த ஊரின் வழக்கம் யாராவது சொன்னால்தான் வரும். கூச்சப்படும்போது நம்மைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறோம். கேட்கும்போதுதான் எதிரே இருப்பவரைப் பார்க்கிறோம்.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரை பார்த்தது. பழைய துணிகள் லாரி லாரியாக வந்து இறங்கின. யாரோ உடுத்திக் கழித்ததை உடுத்த மீனவக் குடும்பங்கள் பலவற்றுக்கு மனம் வரவில்லை. துணிகள் சாலையோரம் குவியலாகக் கிடந்து மண்ணாயின. கொடுத்தவர்கள் நல்ல மனத்தோடுதான் கொடுத்தார்கள். மீனவர்களின் மனம் அவர்களுக்குத் தெரியாமல் போனதிலும் குற்றமில்லை. "உங்களுக்கு என்ன வேணும்?" என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றாமல் போனதே குறை.

தெரியாதவருக்குத் தெரிந்தவர் வழி சொல்வதற்கென்றே ஆற்றுப்படை என்று ஓர் இலக்கிய வகையை வளர்த்தவர்கள் நாம். நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை, ஓய்மாநாட்டு மன்னன் நல்லியக்கோடனிடம் போகும் பாணனுக்கு ஊர் ஊராக வழி சொல்கிறது. மரக்காணம் பகுதியில் இருந்ததாக ஆய்வாளர் பலர் கருதும் எயிற்பட்டினத்தில் சுட்ட குழல்மீன் கிடைக்கும் என்பதுவரை சொல்லிவிடுகிறது. வழி தெரியாத பாணனை அந்தப் பாட்டு எங்கும் இழிவாகப் பேசவில்லை.

பழக்கமில்லாத கோயில், பள்ளிவாசல், கல்யாண வீடு, துக்க வீடு என்று எங்கே போனாலும் வாசலோடு திரும்பிவிடாதீர்கள். "எனக்குப் பழக்கமில்லை, இங்கே எப்படி?" என்று நிமிர்ந்து கேளுங்கள். உங்கள் ஊருக்கு வந்து ஒருவர் அப்படிக் கேட்டால், சிரிக்காமல் சொல்லிக்கொடுங்கள்.