மறுப்பு என்னும் வாசல்

ராஜபாளையத்திலிருந்து மேற்கே பத்துக் கிலோமீட்டர் போனால் மலையடிவாரத்தில் அய்யனார் கோவில். நீர்காத்த அய்யனார் என்பது சுவாமியின் திருநாமம். அருகிலேயே ஆறு ஓடுகிறது. மலைமேல் மழை பெய்தது தெரியாமல் அக்கரைக்குப் போனவர்கள், திடீரென்று வரும் வெள்ளத்தில் சிக்கிக்கொண்டு தவிப்பதும் உண்டு.

சென்ற முறை நான் போயிருந்தபோது ஆற்றில் முழங்காலளவு தண்ணீர்தான். என்னுடன் வந்தவர் ஓய்வு பெற்ற பத்திரிகை நிருபர். என்னைவிட மூத்தவர், அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். எங்களுக்குச் சற்றுத் தள்ளி, முடியிறக்க வந்த ஒரு குடும்பம். அதிலே ஒரு பாட்டி, தண்ணீரில் விளையாடிக்கொண்டிருந்த யார் யார் வீட்டுப் பிள்ளைகளுக்கோ மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் அண்ணாச்சியின் முகம் வாடிவிட்டது.

"2018 ஞாபகம் இருக்கா, தம்பி?" என்றார்.

எப்படி மறக்கும்? பிள்ளை பிடிக்கிறவர்கள் வடக்கேயிருந்து வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸப்பில் வதந்தி பரவிய காலம். அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வம் கும்பிடக் காரில் வந்த ஒரு மூதாட்டி, வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அந்த அன்புதான் குற்றமாயிற்று. கூட்டம் அவரை அடித்தே கொன்றது. உடன் வந்தவர்களும் படுகாயமடைந்தார்கள்.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்னால் அண்ணாச்சியைத் தேடி நாலைந்து இளைஞர்கள் வந்தார்களாம். கையில் ஒரு வீடியோ. "எல்லாப் பத்திரிகையும் மூடி மறைக்குது சார், நீங்களாவது போடுங்க" என்றார்களாம். அண்ணாச்சி விசாரித்தார், கடத்தல் எதுவும் நடக்கவில்லை. பொறுப்புள்ள நிருபர் என்ன செய்வார்? "பிள்ளை பிடிக்கும் கும்பல் நடமாட்டமா? போலீஸ் மறுப்பு" என்று தலைப்பிட்டு நாலு வரி எழுதினார். மறுநாளே அந்தச் செய்தியின் படம் ஊரெல்லாம் சுற்றியது. 'போலீஸ் மறுப்பு' என்ற இரண்டு வார்த்தைகளை மட்டும் யாரோ வெட்டியிருந்தார்கள்.

"அந்த அம்மா செத்ததுக்கும் என் நாலு வரிக்கும் சம்பந்தமில்லை தம்பி. அது வேற ஊரு. ஆனாலும் மிட்டாய் கொடுக்கிற கையைப் பார்த்தா எனக்கு ஒரு மாதிரி ஆயிடுது" என்றார்.

வதந்தியை வளர்ப்பவர்கள் பத்திரிகைக்காரரைத் திட்டுவார்கள். ஆனால் அவர் வாசலைத்தான் சுற்றிச் சுற்றி வருவார்கள். எழுதினால், "பார்த்தாயா, பேப்பரிலேயே வந்துவிட்டது." எழுதாவிட்டால், "விலை போய்விட்டார்கள்." மறுத்தால், "நெருப்பில்லாமல் புகையுமா?" எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர்களுக்கே லாபம்.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. அமெரிக்காவில் 2017-ஆம் ஆண்டு கியூஅனான் என்றொரு கூட்டம் முளைத்தது. பெரிய மனிதர்கள் பலர் குழந்தைகளை வதைக்கும் ரகசியக் கும்பலைச் சேர்ந்தவர்கள் என்பது அவர்களுடைய நம்பிக்கை. நிருபர்கள் ஜனாதிபதியிடம் தங்களைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட வேண்டும் என்று அவர்கள் நெடுநாள் காத்திருந்தார்கள். 2020 ஆகஸ்டில் ஒரு நிருபர் கேட்டார். அவர்கள் நாட்டை நேசிப்பவர்கள் என்று கேள்விப்பட்டதாக டிரம்ப் பதில் சொன்னார். போதாதா? தெருவில் கிடந்த கதை வெள்ளை மாளிகைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

அப்படியானால் வாயை மூடிக்கொண்டிருப்பதே தர்மமா? அதுதான் என்னை உறுத்திய கேள்வி. மௌனம் சுலபமானது, கண்ணியமாகவும் தோன்றும். ஆனால் 2023 மார்ச் மாதத்தை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. சில ஹிந்திப் பத்திரிகைகள் விசாரிக்காமலே அச்சிட்டன. மகனை இங்கே அனுப்பிவிட்டு அங்கே தாய்மார் நடுங்கினார்கள். ராஜபாளையத்து நூற்பாலைகளிலும் அப்படிப்பட்ட பிள்ளைகள் வேலை செய்கிறார்கள் அல்லவா? அன்று தமிழகப் போலீஸ் தலைவரே முன்வந்து, வீடியோக்கள் பொய், இன்னின்ன தகராறில் எடுத்தவை என்று விளக்கினார். பீகார் அரசின் குழுவும் நேரில் வந்து பார்த்தது. அந்த நேரத்தில் பேசாமல் இருந்திருந்தால் அது கண்ணியமாகுமா? கோழைத்தனம் அல்லவா ஆகியிருக்கும்?

கண்மாய்க்குக் காவல் இருப்பவன் மடையை எப்போதும் திறந்து வைப்பதில்லை. எப்போதும் அடைத்தும் வைப்பதில்லை. எந்த வயல் காய்கிறது, எந்தக் கரை உடையும் என்று பார்த்துத்தான் கை வைக்கிறான். பொய்யைப் பற்றி எழுதுகிறவனும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்தப் பொய்யால் யார் தலையில் அடி விழும்? ஒருவர் தலையிலும் விழாது, வெறும் மேடைக்கு அலையும் பொய் என்றால் அதைப் பட்டினி போடலாம். ஓர் உயிரை நோக்கி அது நடக்கத் தொடங்கிவிட்டால் குறுக்கே போய் நிற்கத்தான் வேண்டும்.

எப்படி நிற்பது? அதை அண்ணாச்சியே சொன்னார். "தலைப்பிலே பொய்யை வச்சு, வாலிலே மறுப்பைத் தொங்கவிட்டேன் தம்பி. அவனுக வாலை அறுத்துட்டானுக. 'நம் மாவட்டத்தில் ஒரு குழந்தையும் கடத்தப்படவில்லை'ன்னு போட்டிருக்கணும். அதுல வார்த்தையைச் சுரண்டிக் கெடுக்கலாம். ஆனா கெடுக்கிறவன் மெனக்கெடணும். நான் அவனுக்கு அந்த மெனக்கேடு இல்லாம செஞ்சு கொடுத்துட்டேன்."

பத்திரிகைக்காரருக்கு மட்டும் சொன்ன பாடமாக எனக்கு இது தோன்றவில்லை. கைபேசி வைத்திருக்கும் நாம் எல்லோரும் இன்று நிருபர்கள்தாம். 'இது உண்மையா?' என்று அப்பாவியாகக் கேட்டு நாலு பேருக்கு அனுப்புகிறோமே, அதுவும் ஒரு வாசல்தான். கேள்விக்குறி வழியில் உதிர்ந்துவிடும்; மிச்சம் போய்ச் சேரும்.

நாங்கள் எழுந்தபோது பாட்டி அண்ணாச்சியையும் விடவில்லை. "இந்தாங்க, சாமி பிரசாதம்" என்று ஒரு மிட்டாயை நீட்டினாள். அவர் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.