யார் ஏறிய மலை?

2016 ஜனவரிக் கடைசியில் பெல்ஜியத்தின் ஸோல்டரில் சைக்ளோகிராஸ் உலகப் போட்டி நடந்துகொண்டிருந்தது. சேறும் மணலும் மேடுமாகக் கிடக்கும் பாதையில் ஓட்டும் பந்தயம் அது. 23 வயதுக்கு உட்பட்ட பெண்கள் பிரிவில் ஓடிய ஒரு பெல்ஜிய வீராங்கனையின் மாற்றுச் சைக்கிளை அதிகாரிகள் சோதித்தார்கள். சீட்டைத் தாங்கும் குழாய்க்குள் மோட்டார் ஒன்று ஒளிந்திருந்தது. சைக்கிள் தன்னுடையதே இல்லை, நண்பருடையது என்றார் அவர். எடுபடவில்லை. ஆறு ஆண்டுத் தடை விழுந்தது. 19 வயதில் அவருடைய பந்தய வாழ்க்கை முடிந்துபோனது.

மூன்றரை ஆண்டு போனது. 2019 ஆகஸ்டில் கனடாவின் கியூபெக் மாநிலத்தில், மோன் செயின்த் ஆன் மலையில், ஸோல்டர் போட்டியை நடத்திய அதே சர்வதேச சைக்கிள் சங்கம் இன்னொரு உலகப் போட்டி நடத்தியது. இங்கே எல்லாச் சைக்கிளிலும் மோட்டார் இருந்தது. தென்னாப்பிரிக்காவின் ஆலன் ஹாதர்லியும் சுவிட்சர்லாந்தின் நாதலி ஷ்னைட்டரும் மின்சார மலைச் சைக்கிளின் முதல் உலகச் சாம்பியன்களாக வானவில் சட்டை அணிந்தார்கள்.

மறைத்தது குற்றம், வெளிப்படையாக வைத்துக்கொண்டால் குற்றமில்லை. சட்டத்துக்கு அந்தப் பதில் போதும். மலை உச்சியில் மூச்சு வாங்கிக்கொண்டு கீழே பள்ளத்தாக்கைப் பார்த்து நிற்கிறவருக்குப் போதாது. ‘நான் ஏறினேன்’ என்று அவர் மனசாரச் சொல்லலாமா? இல்லை, ‘ஏற்றிவிடப்பட்டேன்’ என்பதுதான் நேர்மையா?

ஆல்ப்ஸ் மலைப் பாதைகளில் இன்று இந்தக் கேள்வியைத் தினமும் நேருக்கு நேர் சந்திக்கலாம். மோட்டார் இல்லாத சைக்கிளில் வியர்த்து ஏறுகிறவரை, பத்தாயிரம் யூரோ மதிப்புள்ள மின்சாரச் சைக்கிளில் ஒருவர் சத்தமில்லாமல் தாண்டிப் போகிறார். தாண்டிப் போகிறவர் மூட்டு தேய்ந்த அறுபத்தைந்து வயதுக்காரராகவும் இருக்கலாம். இருவரும் போய்ச் சேருவது ஒரே உச்சி.

இந்த வண்டியின் பிறப்பிலேயே இந்தக் கேள்வி இருந்தது. 1993-ல் ஜப்பானில் யமஹா நிறுவனம் ‘பாஸ்’ என்ற பெயரில் மிதிக்குத் துணைசெய்யும் மின்சாரச் சைக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதைச் சைக்கிள் என்று ஏற்பதா, மோட்டார் வாகனமாக்கி உரிமம் கேட்பதா என்பதை அரசு முடிவு செய்ய வேண்டியிருந்தது. சட்டம் பங்கு பிரித்தது: மனிதர் ஒரு பங்கு கொடுத்தால் மோட்டார் ஒரு பங்குக்கு மேல் கொடுக்கக் கூடாது. வேகம் கூடக்கூட அந்தத் துணை குறைந்து, மணிக்கு 24 கிலோமீட்டரில் அறவே நின்றுவிட வேண்டும். 2008-ல் இந்தப் பங்கு மாறியது. மெதுவாகப் போகும்போது மனிதருக்கு ஒன்று, மோட்டாருக்கு இரண்டு. இறைவனுக்கு எத்தனை, மனிதனுக்கு எத்தனை என்று உலகத்துச் சமயங்களெல்லாம் நூற்றாண்டுக் கணக்கில் வாதாடிய விஷயத்தை ஒரு போக்குவரத்து விதி எண்ணில் எழுதி வைத்துவிட்டது.

ஐரோப்பா வேறு வழியில் போனது. தொடர்ந்து தரும் சக்தி 250 வாட்டைத் தாண்டக் கூடாது, 25 கிலோமீட்டர் வேகத்தில் துணை நின்றுவிட வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக, ஏறி ஓட்டும்போது மிதித்தால்தான் மோட்டார் ஓட வேண்டும். பங்கை யாரும் வரையறுக்கவில்லை. மிதிக்க வேண்டும் என்பது மட்டும் விட்டுக்கொடுக்க முடியாத நிபந்தனை. அந்த நிபந்தனைதான் இந்த வண்டியைச் சிந்திக்கத் தகுந்த பொருளாக்குகிறது.

பெடல்களைத் தாங்கும் கிராங்க் சுழலும் அச்சில் ஒரு சென்சார் இருக்கிறது. பாதம் பெடலை அழுத்தும் முறுக்கு விசையை அது அளக்கிறது. ஜெர்மனியின் போஷ் நிறுவனத்து மோட்டார்களில் இந்த அளவெடுப்பு ஒரு நொடிக்கு ஆயிரம் முறைக்கு மேல் நடக்கிறது. மலைச் சைக்கிளுக்கென்றே அவர்கள் செய்த ‘பெர்ஃபார்மன்ஸ் லைன் சிஎக்ஸ்’ மோட்டாரின் ஒரு தலைமுறை, உச்ச நிலையில் ஓட்டுகிறவரின் சக்தியைப் போல 340 சதவீதம் சேர்க்கும்படி வெளிவந்தது. அதாவது மிதிக்கிறவர் 100 வாட் கொடுத்தால் மோட்டார் 340 வாட் கொடுக்கும். பின்சக்கரத்துக்குப் போவது 440.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மிதிக்கிறவர் பங்கு 440-ல் 100, ஏறத்தாழ 23 சதவீதம். அப்படியானால் ஆயிரம் மீட்டர் மலையில் 230 மீட்டர் அவருடையது, மீதி 770 மீட்டர் பேட்டரியுடையதா? கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் 50 வாட் கொடுத்தால் மோட்டார் 170 வாட்டாக இறங்கிவிடுகிறது. பூஜ்யம் கொடுத்தால் மோட்டாரும் பூஜ்யம். நடப்பது கூட்டல் இல்லை, பெருக்கல். ஆறு நான்கு இருபத்துநான்கு என்னும்போது, அந்த இருபத்துநான்கில் ஆறுக்குச் சொந்தமானது எவ்வளவு என்று யாராவது பிரித்துக் காட்ட முடியுமா? ஜப்பானியச் சட்டம் கூட்டல் கணக்கை மனத்தில் வைத்துப் பங்கு போட்டது. வண்டி தன் போக்கில் பெருக்கிக்கொண்டிருந்தது.

(இந்தப் பெருக்கலுக்கும் எல்லை உண்டு. அந்த மோட்டாரின் உச்ச சக்தி 600 வாட். ஏறத்தாழ 176 வாட்டுக்கு மேல் மிதிக்கிற பலசாலிக்கு அது கூடுதலாக எதையும் தராது. வலுவில்லாதவருக்குக் கிடைக்கும் விகிதம் வலுவுள்ளவருக்குக் கிடைப்பதில்லை. பொறியியல் காரணத்தால் வந்த வரம்புதான், ஆனாலும் மனத்துக்கு நிறைவாக இருக்கிறது.)

இறைவன் பங்கு எவ்வளவு, மனிதர் பங்கு எவ்வளவு என்ற வாதம் ஆல்ப்ஸ் அடிவாரத்து நாடுகளுக்குப் பழகியது. 1524-ல் கிறித்தவ அறிஞர் எராஸ்மஸ் மனித விருப்பத்தின் சுதந்திரத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார், பாசலில் அச்சானது. அதில் ஒரு தகப்பனும் குழந்தையும் வருகிறார்கள். நடக்கத் தெரியாத குழந்தை விழுகிறது, தகப்பன் தூக்கி நிறுத்துகிறார். தூரத்தில் ஓர் ஆப்பிளைக் காட்டுகிறார். குழந்தை தாவப் பார்க்கிறது, கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பழத்தைக் கையில் கொடுக்கிறார். குழந்தை தன் பலத்தால் நிற்கவுமில்லை, நடக்கவுமில்லை. இருந்தாலும் அது எதுவுமே செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது என்பது எராஸ்மஸின் வாதம். அடுத்த ஆண்டே சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் மறுப்பு எழுதினார். மனித விருப்பம் ஒரு சவாரி மிருகம். கடவுள் ஏறி உட்கார்ந்தால் அவர் போகச் சொன்ன இடத்துக்குப் போகும், சாத்தான் உட்கார்ந்தால் அவன் சொன்ன இடத்துக்கு. யார் ஏறுவது என்பதைத் தேர்ந்தெடுக்கிற உரிமைகூட மிருகத்துக்குக் கிடையாது என்றார். நாம் ஓட்டுகிறவர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். லூதர் கணக்கில் நாமே வண்டி.

தமிழ் வைணவத்துக்கு இதே வழக்கு குரங்குக்குட்டியாகவும் பூனைக்குட்டியாகவும் தெரியும். குரங்குக்குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்கிறது. பூனைக்குட்டியைத் தாயே கவ்வித் தூக்கிப் போகிறது. வடகலை முதலாவது, தென்கலை இரண்டாவது என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்வது போலச் சொல்லி முடித்துவிடுகிறோம். உள்ளே போய்ப் பார்த்தால் இருபக்கமும் இன்னும் நுட்பமாகப் பேசியிருக்கின்றன. வடகலையின் வேதாந்த தேசிகர் சரணாகதியை ‘வியாஜம்’ என்கிறார். அருளுக்கு விலையாக அது ஈடாகாது, ஆனால் அருள் இறங்குவதற்கு ஒரு சாக்கு வேண்டுமே, அந்தச் சாக்கு. தென்கலையில் பிள்ளை லோகாசாரியார் வழி வந்தவர்களோ அதையும் கேட்பதில்லை. அருளை விலக்காமல் இருந்தால் போதும் என்பார்கள்.

வியாஜம், விலக்காமை. இந்த இரண்டு சொல்லையும் கையில் வைத்துக்கொண்டு ஒரு சைக்கிள் பட்டறைக்குள் போனால், அங்கே நடக்கும் வேலை வேறு மாதிரித் தெரிகிறது.

பெடலை அழுத்தும் பாதம் வியாஜம் என்பது சட்டென்று பிடிபட்டுவிடும். 340 வாட்டுக்கு 100 வாட் எப்படி ஈடாகும்? ஆனால் அது இல்லாமல் எதுவும் நகராது. விலக்காமைதான் நாள்கணக்கில் உழைப்பு கேட்கிறது. விலை உயர்ந்த மலைச் சைக்கிளை ஒருவர் உடம்புக்கு ஏற்றபடி அமைக்கும் வேலை முழுக்க இதில்தான் அடங்கியிருக்கிறது. மோட்டார் தரத் தயாராக இருக்கிறது. தவறாக அமைத்த வண்டி அதை வாங்கிக்கொள்ளாமல் சிதறடிக்கிறது.

முதலில் அளவு. வெறுங்காலோடு சுவரில் முதுகை ஒட்டி நின்று, ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே மேலே வரை ஏற்றி, அதன் விளிம்பிலிருந்து தரைவரை அளப்பார்கள். 84 சென்டிமீட்டர் வந்தால் அதை 0.883-ஆல் பெருக்க வேண்டும். அமெரிக்கச் சைக்கிள் வீரர் கிரெக் லெமாண்ட் பரப்பிய கணக்கு இது. கிராங்க் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை 74 சென்டிமீட்டர் என்று வரும். அது தொடக்கப் புள்ளிதான். அங்கிருந்து மில்லிமீட்டர் மில்லிமீட்டராக முழங்கால் சொல்வதைக் கேட்டு நகர்த்த வேண்டும். சீட் தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும், உயர்ந்திருந்தால் இடுப்பு இருபக்கமும் ஆடும்.

ஃபிரேமின் அளவை உயரத்தை வைத்துத் தேர்ந்தெடுக்கும் காலமும் போய்க்கொண்டிருக்கிறது. ஸ்பெஷலைஸ்ட் நிறுவனம் சிறிது, நடுத்தரம், பெரிது என்பதை விட்டுவிட்டு எஸ்1 முதல் எஸ்6 வரை எண் கொடுத்தது. ஒரே உயரமுள்ள இருவர், ஒருவர் வளைந்து நெளிந்து ஓட்டப் பிடித்தவர், மற்றவர் வேகமாக இறங்கப் பிடித்தவர் என்றால், வேறு வேறு எண் எடுக்கலாம். எண் கூடக்கூட நீள்வது ‘ரீச்’. கிராங்க் அச்சுக்கு நேர் மேலிருந்து ஹேண்டில்பாரைத் தாங்கும் ஃபிரேம் முன்குழாயின் உச்சி வரையுள்ள கிடைத் தூரம். நின்றபடி இறங்கும்போது உடம்புக்குக் கிடைக்கும் இடம் அதுதான்.

மின்சாரச் சைக்கிளுக்கென்று சில தனிக் கணக்குகளும் உண்டு. சாதாரண வண்டியில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகும் செங்குத்துப் பாறைப் பாதையில் இதை மிதித்தே ஏறலாம். அப்போது சுழலும் பெடல் கல்லில் இடிக்கும். அதனால் 170 மில்லிமீட்டர் கிராங்குக்குப் பதிலாக 160 அல்லது அதற்கும் குட்டையானது போடுகிறார்கள். மோட்டார் உதைக்கும்போது முன்சக்கரம் எழும்பாதிருக்க வண்டியின் பின்பகுதியைக் கொஞ்சம் நீட்டுகிறார்கள். எடை 24 கிலோவுக்கும் அதற்கு மேலும் போகிறது. அதில் 800 வாட்-மணி பேட்டரி மட்டுமே ஏறத்தாழ 4 கிலோ. இறக்கத்தில் இவ்வளவையும் நிறுத்த நான்கு பிஸ்டன் பிரேக்கும் 200 மில்லிமீட்டருக்குக் குறையாத டிஸ்க்கும் வேண்டும்.

அதிர்வைத் தாங்கும் ஷாக்கில் காற்று வைக்கும் வேலை இருக்கிறதே, அதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஓட்டப்போகிறவர் ஹெல்மெட், முதுகுப் பை, தண்ணீர் எல்லாவற்றோடும் வர வேண்டும், ஏனென்றால் மலையில் அவர் எடை அதுதான். பின் ஷாக்கின் தண்டில் ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கும். அதை விரலால் மேலே தள்ளி விளிம்பில் ஒட்டி வைக்கிறார்கள். ஒருவர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள, ஓட்டுகிறவர் குதிக்காமல் ஏறி, இரு பெடலிலும் சமமாக நிற்கிறார். வண்டி மெல்ல அமுங்குகிறது, வளையம் நகர்கிறது. ஏறியது போலவே மெதுவாக இறங்குகிறார். ஷாக்கின் முழு ஓட்டம் 65 மில்லிமீட்டர், அதில் 30 சதவீதம் அமுங்க வேண்டும், வளையம் 19.5-ல் நிற்க வேண்டும். 22-ல் நிற்கிறது. கைப் பம்பால் கொஞ்சம் காற்று. மறுபடி ஏறு, மறுபடி இறங்கு. 20.

எதற்கு இந்த அமுக்கம்? சக்கரம் மேட்டில் ஏறினால் மட்டும் போதாது, பள்ளத்திலும் இறங்கித் தரையைத் தொட்டபடியே இருக்க வேண்டும். ஷாக் விறைப்பாக இருந்தால் வண்டி துள்ளும். டயர் காற்றில் இருக்கும் நேரத்தில் 600 வாட்டும் வீணாகச் சுழலும். கல்லைத் தெறிக்கவிட்டு அதே இடத்தில் நிற்கும். பலம் குறைந்து அங்கே நின்றுபோகவில்லை. வந்த பலத்தை வாங்க இடமில்லாமல் நின்றது.

இந்த இடத்தில் இரண்டு கலைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்வதாகத் தோன்றுகிறது. விலக்காமை என்பதைச் சும்மா கிடப்பது என்று புரிந்துகொள்கிறவர்கள் உண்டு. பட்டறையில் அப்படித் தெரிவதில்லை. தடை எது என்று தேடித் தேடி, ஒரு மில்லிமீட்டர் சீட், ஒரு மூச்சுக் காற்று என்று அகற்றிக்கொண்டே வருவது அது. அந்த வேலையால் வண்டி ஓரடிகூட மேலே போவதில்லை. மேலே தூக்கும் விசை வரும்போது முறுக்கிக்கொள்ளாத வண்டி ஒன்று மட்டும் அதனால் கிடைக்கிறது.

லூதரின் எதிர்ப்பு மட்டும் லேசில் விலகாது. மிதிக்கிற அந்த 100 வாட் யாருடையது? காலையில் சாப்பிட்ட ரொட்டி, பெற்றோர் கொடுத்த எலும்பு, நேற்று இரவு வந்த தூக்கம், இவை எதையும் ஓட்டுகிறவர் தானே உண்டாக்கவில்லை. அழுத்த வேண்டும் என்ற எண்ணமே எங்கிருந்தோ வந்ததுதான் என்று ஒருவர் சொன்னால், அதை மறுக்க எந்த சென்சாரும் உதவாது. மிதிக்கவே முடியாத இடத்தில் தள்ளிக்கொண்டு போவதற்கும் இந்த வண்டிகளில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்திப் பிடித்தால் மோட்டார் நடை வேகத்தில், ஐரோப்பிய விதிப்படி மணிக்கு 6 கிலோமீட்டருக்கு மேற்படாமல், வண்டியைத் தானே உருட்டும். பூனைத் தாயைப் போலத்தான். விரலை எடுத்தால் நின்றுவிடும்.

பாதிச் சரிவில் நின்றுபோன வண்டியை மறுபடி கிளப்புவதற்கு ஒரு முறை சொல்லித் தருகிறார்கள். சீட்டைப் பாதி இறக்கு. லேசான கியர் போடு. மோட்டாரை உச்சத்தில் வைக்காதே, முன்சக்கரம் எழுந்து வண்டி பின்னால் சாயும். இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு மேட்டுப்பக்கக் காலைத் தரையில் ஊன்று, மற்றப் பாதத்தைக் கடிகாரத்தின் இரண்டு மணி நிலையில் உள்ள பெடலில் வை. நெஞ்சை ஹேண்டில்பார் பக்கம் தாழ்த்து. இப்போது வண்டி அசையாமல் நிற்கிறது, 24 கிலோவும் கீழ்நோக்கி இழுக்கிறது, பேட்டரி பாதிக்கு மேல் இருக்கிறது, மோட்டாரில் ஒரு சத்தமும் இல்லை. பிரேக்கை விடும் அதே நேரத்தில் பாதம் பெடலை ஓர் அங்குலம் கீழே அழுத்துகிறது.